முப்பது படமும் ஒரு வைக்கோல் பெட்டியும்

மேடைப் பேச்சாளருக்கு எல்லாச் சொற்களும் வசப்படும். "தெரியாது" என்ற ஒன்றைத் தவிர. அதைச் சொன்ன கணத்தில் எதிரணி மேசையைத் தட்டும் என்பது சொற்போர்ப் பயிற்சியின் முதல் பாடம். பள்ளி நாள் தொட்டு அந்தப் பாடத்தைப் பழுதறக் கற்றவள் நான். என் வீழ்ச்சியும் அங்கேதான் தொடங்குகிறது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் என் அண்ணனும் அண்ணியும் சிறியதொரு பீங்கான் பட்டறை நடத்துகிறார்கள். அதுவரை பிறர் கொடுத்த அச்சில் அகல்விளக்கும் ஃபியூஸ் கட்டையும் வார்த்துக்கொண்டிருந்த அண்ணி, அந்த ஆண்டுதான் தாமே வரைந்து, தாமே அச்செடுத்து, கோப்பை, கூஜா, கிண்ணம் என முப்பது உருப்படிகளைச் செய்திருந்தார். புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார், "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள படம் வந்துடணும்ங்க. அதுக்கப்புறம் வந்தா வேற ஆளுக்கு ஆர்டரைக் குடுத்துடுவேன்" என்று சொல்லியிருந்தார். அண்ணியின் சொந்த வடிவங்களைத் தேடி வந்த முதல் அழைப்பு அது.

"போன்லயே புடிச்சு அனுப்பிடலாமா?" என்றார் அண்ணி.

நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்தபடி கருத்துச் சொல்லும் வழக்கம் அந்நாளில் எனக்கில்லை.) "அண்ணி! மண்ணைக் கலையாக்கிய கைகளுக்குக் கைப்பேசியா மரியாதை செய்யும்?" என்று தொடங்கினேன். அண்ணன் நடுவில் எழுந்துபோய்ச் சூளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் நான் முன்னுரையில்தான் இருந்தேன். இறுதியில் கைதட்டல் கிடைக்கவில்லை, பொறுப்பு கிடைத்தது.

தோழி ரிஸ்வானாவிடம் கேமரா இரவல் வாங்கினேன். அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் அவள் வீட்டு விசேஷத்துக்காகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். வியாழன் காலை வெள்ளைத் துணி விரித்து முப்பதையும் படமெடுத்தேன். எடுக்க எடுக்க, அண்ணன் ஒவ்வொன்றையும் வைக்கோலில் பொதிந்து, பெட்டியில் அடுக்கி, சணல் கயிற்றால் இறுக்கினார். "படம் புடிச்சாச்சுல்ல? வெளிய இருந்தா பூனை உருட்டிடும்."

பிறகு, கேமராவின் கார்டை மடிக்கணினியில் செருகி, படங்களைத் திருத்தும் மென்பொருளில் திறந்தேன். ஒளியைக் கூட்டினேன், நிழலைக் குறைத்தேன், நீலத்துக்குக் கடலின் ஆழத்தைக் கொடுத்தேன். வேலை முடிந்தபோது, அண்ணியின் கூஜாவே தன் படத்தைப் பார்த்து "இவர் யார்?" என்று கேட்டிருக்கும்.

வெள்ளி நண்பகல் ரிஸ்வானா வாசலில் வந்து நின்றாள். "ஏ தேன்மொழி, எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணிட்டல்ல?"

திருத்திய படத்தை மென்பொருளிலிருந்து தனிக் கோப்பாக வெளியே எடுத்துக் கணினியில் வைப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்பதை இன்று நானறிவேன். அன்று அறியேன். "அப்படின்னா என்னடி?" என்று கேட்க மூன்று வினாடி போதும். நான் கேட்டேனா? "அது நேற்றே நிறைவேறிய காரியம்" என்றேன். அத்தோடாவது நின்றேனா? "இரவல் பொருளைத் தூய்மையாகத் திருப்பித் தருவதே பண்பாடு" என்று முழங்கி, கார்டில் இருந்த அத்தனையையும் என் கையாலேயே அழித்துக் கொடுத்தேன்.

இரண்டரை மணிக்கு அண்ணனையும் அண்ணியையும் திரைமுன் அமர்த்தினேன். சிறியதொரு வரவேற்புரை. பின்னர் படங்கள் ஒவ்வொன்றாய் மின்னின. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அனுப்பிடு பாப்பா" என்றார் அண்ணன்.

அனுப்ப முயன்றேன். மென்பொருள் பணிவோடு மறுத்தது: மூலப் படம் கிடைக்கவில்லை, கார்டைச் செருகுங்கள்.

"என்னாச்சு?"

"படம் இல்லண்ணா."

"இதோ தெரியுதே?"

"தெரியுது. ஆனா இல்ல."

"தெரியுதுன்னா இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

எதிரணியின் வாதம் வெல்ல வேண்டுமென்று நான் மனமார வேண்டிய ஒரே தருணம் அது. ரிஸ்வானாவை அழைத்தேன். "ஒன் கம்ப்யூட்டர்ல தெரியறது வெறும் பொடிப் படம்டி. அசல் கார்டுலதான் இருந்துச்சு. நீதானே அழிச்ச? அதுல இப்ப எங்க வூட்டு விசேஷம் ஏறிக்கிட்டு இருக்குது" என்றாள். பின்னணியில் பிரியாணிக்கு யாரோ இலை கேட்டார்கள்.

மணி மூன்று. நான் அண்ணியை நோக்கித் திரும்பினேன். "அண்ணி, எக்ஸ்போர்ட்னா என்னன்னு எனக்குத் தெரியாது." என் வாழ்வின் ஆகச் சிறிய சொற்பொழிவு.

அண்ணி எழுந்தார். "சூளைக்குள்ள எட்டிப் பாத்தாகூடதான் எல்லாம் ஜோரா தெரியும். வெளிய எடுத்துத் தட்டிப் பாக்காம யாராச்சும் சரக்குன்னு சொல்லுவாங்களாடி?" என்றவர் அண்ணனிடம், "கயித்த அறுங்க" என்றார்.

கயிறு அறுந்தது. வைக்கோல் பறந்தது. அவசரத்தில் நான் உருவிய முதல் கோப்பையின் காது என் கையிலும் கோப்பை பெட்டியிலுமாகப் பிரிந்தன. "நீ எதையும் தொடாத, போனை மட்டும் புடி" என்றார் அண்ணன். வெள்ளைத் துணி துவைக்கப்பட்டுக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆகவே, பட்டறை வாசல் வெயிலில் அண்ணியே ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி நின்றார். மணிக்கட்டு வரை களிமண். கூஜாவின் மூக்கில் ஒரு வைக்கோல். ஒளியைக் கூட்டவில்லை, நிழலைக் குறைக்கவில்லை, முன்னுரையும் இல்லை. நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில், உடைந்தது போக இருபத்தொன்பதும் போய்ச் சேர்ந்தன.

ஐந்தரைக்குப் புதுச்சேரி அம்மையாரிடமிருந்து அழைப்பு வந்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"கையில வச்சுப் புடிச்சிருக்கீங்களே, அளவு நல்லா தெரியுதுங்க. பன்னெண்டு டிசைன் எடுத்துக்கறேன். அந்தக் கூஜா மட்டும் நாப்பது வேணும்." போனை வைக்குமுன், "வைக்கோல் வேணாம்ங்க" என்றார்.

அண்ணி சிரித்த சிரிப்பில், துணிக்கொடியில் இருந்த காக்கை எழுந்து பறந்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் கேசரி. எனக்கும் ஒரு பங்கு வந்தது. காதுடைந்த அந்தக் கோப்பையில்.

இன்று அண்ணியின் கூஜாக்கள் புதுச்சேரிக்கு மாதந்தோறும் போகின்றன. காதில்லாக் கோப்பையில் என் பேனாக்கள் நிற்கின்றன. வெளியே எடுக்க முடியாத அந்த முப்பது பொடிப் படங்களும் மடிக்கணினியில் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு வரும் உறவினர் எல்லோருக்கும் அண்ணன் அவற்றைத் திறந்து காட்டுகிறார்: "என் தங்கச்சி புடிச்சதுங்க. பாக்கலாம்; அனுப்பச் சொல்லிக் கேக்கக் கூடாது."

சென்ற மாதம் சொற்போர் ஒன்றில் முதல் பரிசு வென்று, மேடையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் அண்ணியின் முதற்கேள்வி:

"பரிசைக் கையில குடுத்தாங்களா, இல்ல அதுவும் தெரியறதோட சரியா?"