பத்துப் பங்கும் நாற்பத்து மூன்று துண்டும்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கோர்ட்டு ஏறியிருக்கிறேன். என்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. நானும் யார்மேலும் போடவில்லை. இரண்டு மோட்டார் கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வழக்கில், யாரும் கூப்பிடாமல், நானாகவே போய் விழுந்தேன். பங்குக்காரன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு என்று நம்பினேன். அப்படி ஓர் உரிமை இருக்கத்தான் செய்கிறது, எனக்குத்தான் இல்லை. இதை எனக்குப் புரியவைக்க ஒரு வெள்ளைக்கார நீதிபதியும் இரண்டு வக்கீல்களும் மூன்று டைரக்டர்களும் ஒரு முழுக் காலைப் பொழுதை வீணாக்க வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மூவாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, குமாஸ்தா மாதிரி. காலையில் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிடுவது, ரப்பர் பால் எடையை எழுதுவது, துரை வந்தால் எழுந்து நிற்பது, இவைதான் உத்தியோகம். (கடைசியில் சொன்னதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்ததாகப் பெரிய கிராணி சொல்வார்.) சனிக்கிழமை அரை நாள். ஒரு சனிக்கிழமை, வேறு வேலை இல்லாமல், ஆற்றைக் கடந்து தங்காக்குக்குப் போனேன். தங்காக்கில் துணிக்கடைகளைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது? ஒரு துண்டு வாங்கினேன். நாலரை மணி பஸ்ஸில் திரும்பினேன். அந்த பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில், ஞானம் உட்கார்ந்திருந்தாள்.

ஞானம் தங்காக்கில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாரம்மா. வாரம் முழுக்க அங்கே அத்தை வீட்டில் இருப்பாள். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து, நாலரை பஸ்ஸில் மூவாரில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வருவாள். பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஃபெரியில் ஆற்றைக் கடக்க வேண்டும். கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி தண்ணீரைப் பார்ப்பேன். இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் அக்கரை போய்விடுகிறார்கள். ஒவ்வொரு தடவை அதில் போகும்போதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமையும் தங்காக்குக்குப் போனேன். சும்மா போய் வந்தால் யாராவது ஏதாவது நினைப்பார்களே என்று ஒரு துண்டு வாங்கினேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் ஒரு துண்டு. பத்து வாரத்தில் அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வாயே திறக்காமல் துண்டுக் கட்டை எடுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு நாள் ஃபெரியில் ஞானம் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இந்த வாரமும் துண்டா?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. (அதை நினைத்துக்கொண்டே அடுத்த ஆறு நாளும் பால் எடையைத் தப்பாக எழுதினேன்.) அந்த வாரம்தான், சைக்கிள் வாங்க வைத்திருந்த காசைக் கொண்டுபோய் அந்த பஸ் கம்பெனியில் பத்துப் பங்கு வாங்கினேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் நேராகப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் ஏறுகிற பஸ் கொஞ்சமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று ஆசை. ஆயிரம் பங்கில் பத்து. மூன்று பஸ்ஸில் என் பங்கைப் பிரித்தால் ஒரு கதவுப் பிடியும் அரை ஹாரனும் தேறலாம். நான் எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது இருக்கையை.

பெண் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். அவள் அப்பா சதாசிவம் பிள்ளை, மூவார் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். அரசாங்க உத்தியோகம், பென்ஷன், தங்க ஃபிரேம் போட்ட கண்ணாடி. நான் தோட்டத்துச் சின்னக் கிராணி. அவர் வீட்டுப் படியேறக் கால் வரவில்லை.

இப்படி ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் வந்தது வழக்கு. எங்கள் கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் எப்போதோ ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார்களாம். தங்காக் ரோடு அவர்களுக்கு, பத்து பஹாட் என்கிற ஊருக்குப் போகிற ரோடு எங்களுக்கு. எங்கள் ஆட்கள் அதை மறந்துவிட்டு இரண்டு ரோட்டிலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. எங்கள் டைரக்டர்கள் மூன்று பேரும் கூடிப் பேசி, வாதாட வேண்டாம், தங்காக் ரோட்டை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எதிர்க் கம்பெனிக்கு சனிக்கிழமை கடைசி பஸ் பகல் பன்னிரண்டு மணிக்கு. ஞானத்தின் பள்ளி விடுவது ஒரு மணிக்கு. இனி அவள் பள்ளி விடுமுறைக்குத்தான் மூவாருக்கு வருவாள். இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோர்ட்டு வாசல் மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் ஹனிபா நானாவிடம் போனேன்.

"ஒரு பங்கு வச்சிருக்கவனும் முதலாளிதான் தம்பி. டைரக்டருங்க வழக்கைக் கைவிட்டா, நான் நடத்துறேன்னு பங்குக்காரன் உள்ள வரலாம். எழுதிருவோம். ஆனா ஜட்ஜு துவான் கேப்பாரு, உனக்கு என்ன நஷ்டம்னு. என்ன சொல்லுவே?"

"தங்காக் ரோடு போனா கம்பெனிக்கு நஷ்டம் நானா."

"அது கம்பெனி நஷ்டம்லா. உன் நஷ்டம் என்ன?"

அதைக் கோர்ட்டிலேயே சொல்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

வழக்கு நாளன்று கடன் வாங்கிய கோட்டும் சொந்தத் தலைப்பாகையுமாகப் போய் நின்றேன். மொழிபெயர்ப்புக்கு சதாசிவம் பிள்ளை தயவு தேவைப்படக் கூடாது என்று ஹனிபா நானா எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் பேச்சை ஒரு வாரம் ரப்பர் மரங்களிடம் ஒப்பித்து வைத்திருந்தேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "மை லார்ட்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை "மை லார்ட்" என்றேன். அவர் நல்ல மனுஷன். உன் பாஷையிலேயே பேசு, மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று சைகை காட்டினார். சதாசிவம் பிள்ளை எழுந்து வந்து எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றார்.

முதலில் பங்குப் பத்திரத்தைக் காட்டச் சொன்னார்கள். அதை நான் சட்டம் போட்டு அறையில் சாமி படங்களோடு மாட்டி வைத்திருந்தேன். கண்ணாடி போட்டால் பூஜை பத்திரத்துக்குப் போய்ச் சேராது என்று கண்ணாடி போடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், அதன்மேல் குங்குமம். சரஸ்வதி பூஜைக்கு விசேஷமாக நாலு மூலையிலும். கழற்றினால் கிழிந்துவிடும் என்று சட்டத்தோடு, காய்ந்த மாலையோடு அப்படியே கொண்டுபோயிருந்தேன். நீதிபதி அதை வாங்கிப் பார்த்து, இது எந்தச் சாமி என்று கேட்டார். பங்குப் பத்திரம் என்றார் பிள்ளை. கம்பெனி முத்திரை, என் பெயர், எத்தனை பங்கு என்ற எண், மூன்றின்மேலும் விரற்கடை கனத்துக்குக் குங்குமம். கோர்ட்டு கிளார்க் நகத்தால் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது. கடைசியில் எங்கள் டைரக்டர் ஒருவரே எழுந்து, பத்துப் பங்கு உண்மைதான் துவான், பாவம், பையன் நல்லவன் என்று சாட்சி சொன்னார்.

நீதிபதி பொறுமையாக விளக்கினார். கம்பெனிக்காகப் பேச வேண்டியவர்கள் டைரக்டர்கள். அவர்கள் மோசடி செய்கிறார்கள், எதிரியோடு கூட்டுச் சேர்ந்து வழக்கை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் பங்குக்காரன் குறுக்கே வரலாம். அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் திரும்பி டைரக்டர்களைப் பார்த்தேன். எனக்காகப் பரிந்து பேசிய மனுஷன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இல்லைங்க துவான். மூணு பேரும் தங்கமானவங்க" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே ஹனிபா நானா தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, மற்றப் பங்குக்காரர்களுக்கு இல்லாமல் உனக்கு மட்டும் என்று ஏதாவது நஷ்டம் இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். பிள்ளை தமிழில் சொன்னார். நான் அவர் கண்ணாடியைப் பார்த்தேன்.

"சனிக்கிழமை பஸ் இருக்காதுங்க. நான் தங்காக் போகணும்."

"எதுக்கு?"

"துண்டு வாங்க."

எதிர்க் கம்பெனி வக்கீல் எழுந்தார். எத்தனை துண்டு வாங்கியிருக்கிறாய் என்று கேட்டார். சத்தியம் பண்ணியிருந்தேன், கிராணி வேறு.

"நாப்பத்து மூணு" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. துண்டு மூவாரில் கிடைக்காதா என்றார். கிடைக்கும் என்றேன். பிறகு ஏன் தங்காக்குக்குப் போகிறாய் என்றார். நான் என்ன செய்வேன்? மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"நான் போறதே திரும்பி வர்றதுக்குத்தாங்க. அந்த நாலரை பஸ்ஸுல."

பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியால் துடைத்தார், மாட்டினார். பிறகு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, யாருடன் திரும்பி வருகிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பிள்ளை என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"யார்கூடயும் இல்லைங்கய்யா" என்றேன். "ஒரே பஸ், அவ்வளவுதான்."

அது பொய் இல்லை. அதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்து வருத்தப்படுகிறேன். ஒரு வருஷமாக அவளுக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்து வந்தவன், பக்கத்தில் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

தீர்ப்பு இரண்டு வரிதான். பிள்ளையே எனக்குத் தமிழில் சொன்னார். "மனுதாரருக்கு இதுல ஒரு நலன் இருக்குன்னு கோர்ட்டுக்குத் தெரியுது. ஆனா அது கம்பெனிச் சட்டத்துல வர்ற நலன் இல்ல. மனு தள்ளுபடி." சொல்லிவிட்டு, என் பத்திரத்தை மாலையோடு என் கையில் கொடுத்தார்.

தங்காக் பஸ்ஸுக்கு இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி இருந்தது. போனேன். கடைப் பக்கமே தலை காட்டவில்லை. வெட்கம். தோளில் போட்டிருந்தது போன வாரம் வாங்கிய நாற்பத்து மூன்றாவது துண்டு. பஸ்ஸில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபெரியில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கூரைக்குக் கீழே ஓடினார்கள். அவள் கம்பியோரமாகவே நின்றாள். நானும் நின்றேன்.

"கேஸ் தோத்துட்டீங்களாமே" என்றாள்.

"ஆமாங்க. அப்பா கோபமா இருக்காரா?"

"சாப்பிடல. ஒண்ணும் பேசவும் இல்ல." என் தோளைப் பார்த்து, "அந்தத் துண்டைக் குடுங்க, முகம் நனைஞ்சிருச்சு" என்றாள்.

கொடுத்தேன். துடைத்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. நாலாக மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்தாள்.

"துவைச்சு அடுத்த வாரம் தர்றேன்" என்றாள்.

அடுத்த வாரம் பஸ் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரிங்க என்றேன். படகு கரை தட்டியது. நாலு மாதத்தில் அவளுக்கு சிரம்பானில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கும் அரசாங்க உத்தியோகம்தான்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் ஆனது. பார்வதி பத்து பஹாட் பெண். கோர்ட்டுக் கதை அதற்குள் பத்து பஹாட் வரைக்கும் போய்விட்டிருந்தது (அந்த ரோட்டில்தான் எங்கள் கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே). வந்த மறுநாள், பசியாறக்கூட இல்லை, என் டிரங்குப் பெட்டியைத் திறந்து துண்டுகளை எண்ணினாள்.

"நாப்பத்து ரெண்டுதானே இருக்கு? கோர்ட்டுல நாப்பத்து மூணுன்னு சத்தியம் பண்ணீங்களாமே?"

நான் பெட்டியை மூடி வைத்தேன். அன்றையிலிருந்து என் வீட்டில் நான் பொய்ச் சத்தியம் பண்ணியவன். எதையாவது அடித்துச் சொன்னால், "துண்டுக் கணக்கு மாதிரியாப்பா?" என்று பிள்ளைகள் கேட்கும். அவர்கள் சண்டைக்கு நடுவில் போனால், "உங்களுக்கு இதுல எத்தனை பங்கு?" என்பாள் பார்வதி. நாலு பிள்ளைகளையும் பிறந்ததும் துடைத்தது அந்தத் துண்டுகள்தான். நல்ல பெண் பார்வதி. எனக்கு அவளிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் சனிக்கிழமை நாலரை மணிக்கு மட்டும் இன்றைக்கும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது.

போன தீபாவளிக்கு வீடு கழுவும்போது, சட்டி இறக்கிக் கந்தலாகிப் போயிருந்த கடைசித் துண்டைப் பார்வதி வெளியே போட்டாள்.

"இதோட முடிஞ்சுதுங்க உங்க கோர்ட்டுத் துண்டு."

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆமா, கோர்ட்டுக் கணக்குல இருக்கு" என்று மருமகளிடம் சொல்ல உள்ளே ஓடினாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. நானும் சிரித்தேன். அந்தத் துண்டு இந்நேரம் துவைத்து உலர்ந்திருக்கும்.