சனிக்கிழமை கேட்கவேண்டிய சத்தம்

“தங்கச்சி, சனிக்கிழம காலைல பத்து மணிக்கு ஒருத்தரு வராரு. ஒன் மிஷின் சத்தத்தக் கேக்கத்தான்.”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, மெர்போக் புறாவின் கூண்டைக் கம்பத்தில் ஏற்றிக்கொண்டே சொன்னார் வீரமுத்து. குமுதவல்லியின் கையிலிருந்த ரம்பம் பாதிப் பலகையில் நின்றுவிட்டது.

“யாருண்ணே?”

“வரும்போது பாரு. அதுவரைக்கும் மிஷின்ல கைய வச்சிடாத. எப்பவும்போல கத்தட்டும். அவரே காதால கேக்கட்டும்லா.”

வீரமுத்து, போர்டிக்சன் சாலையில் ஒரு கிடங்குக்கு இரவுக் காவலாளி. பகலில் தூங்கவேண்டியவர். காலையிலிருந்து மாலைவரை அந்தப் புறாவுக்கு விசிலடித்துப் பாட்டுப் பழக்குவார். நடுவில் வேலியோரம் வந்து, “தூக்கமே இல்ல தங்கச்சி, ஒன் மிஷினாலதான்” என்பார்.

குமுதவல்லி என்ன செய்வாள், பாவம்! கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்ற கால்கள் ஓய்ந்த பிறகு, எஸ்டேட் வீட்டின் பின்பக்கம் சின்னப் பட்டறை போட்டு, வீட்டில் சாமிப் படம் வைக்கும் மர மேடைகள் செய்கிறாள். மரத்தூள் நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்தபோது, தூசி உறிஞ்சும் மிஷின் இல்லாமல் இனி மரத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மிஷின்தான் அப்படி ஊளையிட்டது.

“மஜ்லிஸ் ஆளுதாங்க வரப்போறாரு,” என்றாள் புருஷனிடம். நகராண்மைக் கழகத்துக்காரர் வந்தால் சும்மா போவாரா? “மிஷினத் தூக்கிட்டுப் போயிட்டா, பட்டறைய இழுத்து மூடவேண்டியதுதான்.”

செம்பனைக்குலை லாரி ஓட்டும் திருச்செல்வம் அசரவில்லை. “இன்னிக்கி திங்கக்கெழமதானே? அதுக்குள்ள சத்தத்தக் கொறச்சிடுவோம்.”

பழைய லாரி டயரை வெட்டி மிஷினின் கால்களுக்கு அடியில் வைத்தார். தரை அதிர்வது நின்றது. மிஷின் நடக்க ஆரம்பித்தது. ரப்பர்மேல் துள்ளித் துள்ளிப் போய், வீரமுத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் டமடமவென்று முட்டியது.

செவ்வாய்க்கிழமை குமுதவல்லி பலகையில் பெட்டி அடித்து, உள்ளே பழைய மெத்தையை வெட்டி ஒட்டி, மிஷினை அதற்குள் பூட்டினாள். சத்தம் பாதியானது. பத்தே நிமிடம். மூச்சுமுட்டிய மோட்டார் தீய்ந்த வாடையோடு நின்றது. வீட்டுக் கரண்டும் கூடவே போனது. அடுப்படியில் சோறு பாதி வேக்காட்டில் கிடந்தது.

“மிஷினுக்கு மெத்த, எனக்கு அரிசியா?” என்றார் திருச்செல்வம்.

புதன்கிழமை, மோட்டார் ஆறி மறுபடி ஓடியதும், காற்றுப் போகப் பெட்டியில் வரிசையாக ஓட்டை போட்டாள். ஓட்டைகள் விசிலடித்தன. அந்த வரிசையில் உள்ள ஏழு நாய்களும் வாசலில் வந்து உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து ஊளையிட்டன.

வீரமுத்து ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பிரமாதம் தங்கச்சி! சனிக்கிழமையும் இப்படியே வச்சிரு!”

“எப்படிக் குத்திக் காட்டுறாரு பாத்தீங்களா?” என்று குமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மிஷினைக் குளியலறைக்கு மாற்றி, நீளக் குழாய் போட்டாள். இழுவை குறைந்தது. ‘இன்னும் கொஞ்சம் ஓடட்டும்’ என்று விட்டதில் தூசிப் பை கழன்றுகொண்டது. உள்ளே திருச்செல்வம் சோப்புப் போட்டு நின்றிருந்தார். வெளியே வந்தபோது பொரிக்கத் தயாரான மீன்போல இருந்தார்.

“ஏண்டி, என் லாரி எஞ்சின் பெருசா, ஒன் மிஷின் பெருசா?” காதிலிருந்து மரத்தூளைத் தோண்டிக்கொண்டே கத்தினார். “அது ஏன் இப்படிக் கத்தல? சைலன்சருக்குள்ள தடுப்பு தடுப்பா வச்சிருக்கான். காத்து முட்டி முட்டிப் போறதுக்குள்ள சத்தம் செத்துடுது!”

குமுதவல்லி அப்படியே அவரைப் பார்த்தாள்.

“இத ஏங்க திங்கக்கெழமயே சொல்லல?”

“திங்கக்கெழம என்ன யாரும் மாவுல பொரட்டலியே!”

வெள்ளிக்கிழமை முழுவதும் வேலை. மிஷினை மறுபடி பட்டறையிலேயே பெட்டிக்குள் வைத்தாள். விசிலடித்த ஓட்டைகளை அடைத்தாள். காற்று உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு நீளக் கூடுகள். ஒவ்வொன்றிலும் இடமும் வலமுமாகத் தடுப்புப் பலகைகள். எல்லாவற்றிலும் பழைய கம்பளம். சுவிட்சைத் தட்டினாள். ஃபிரிட்ஜ் முனகுவதுபோல ஒரு சின்ன முனகல். அவ்வளவுதான்.

வேலியோரம் வீரமுத்துவின் தலை தெரிந்தது.

“என்ன தங்கச்சி, மிஷின் ரிப்பேரா?”

“ஓடிக்கிட்டுத்தாண்ணே இருக்கு!”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அலாமாக்! அந்த விசில் ஓட்டைய நாளைக்கு மட்டும் தொறந்து விடேன்.”

“நான் மாட்டிக்கிறதப் பாக்க ஒங்களுக்கு அவ்ளோ ஆசையாண்ணே?”

வீரமுத்து கூண்டை இறக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையும் கோப்புமாக ஒருவர் காரிலிருந்து இறங்கினார். சசிதரன் என்று பெயர் சொன்னார். பின்னாலேயே வீரமுத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

குமுதவல்லி மைலோ கலக்கிக் கொடுத்தாள். மிஷினைப் போட்டாள். சசிதரன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சுவரருகே போனார். திரும்பி வந்தார். பக்கத்து வீட்டில் மெர்போக் புறா மட்டும் கணீரென்று பாடியது.

“சார், இப்ப மிஷின எடுத்துட்டுப் போக மாட்டீங்கல்ல?”

சசிதரன் கோப்பைத் திறந்தார். “நான் எதுக்கும்மா எடுக்கப் போறேன்? நான் இவரோட செக்குரிட்டி கம்பெனி சூப்பர்வைசர். பக்கத்து வீட்டு மிஷின் பகல்ல தூங்க விடல, அதான் டியூட்டில தூங்கிட்டேன்னு மூணு வாட்டி எழுதிக் குடுத்துட்டாரு. அந்த மிஷின் எங்கம்மா?”