முறிகண்டியில் நிற்காத மோட்டார் சைக்கிள்

ஸ்கந்தபுரம்,
12.2.1964

அன்புள்ள தம்பி யோகநாதனுக்கு,

இவ்விடம் நாங்கள் நலம். உன் நலத்தையும் விசாரித்து எழுத வேண்டும் என்று அம்மா எங்களைப் பழக்கியிருக்கிறா, ஆகவே விசாரிக்கிறேன். பதிலுக்கு அவசரமில்லை.

பொங்கலுக்கு வந்த நீ சும்மா இருக்கமாட்டாமல், "அத்தான், பிளக்கைக் கழட்டித் துடைச்சு விடுறன்" என்று எங்கள் பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கிட்டப் போனாய். துடைத்தாய். அதோடு விட்டிருக்கலாம். திரும்பப் பூட்டும்போது ஸ்பனர் போதாதென்று அதன் பிடியில் ஓர் இரும்புக் குழாயையும் செருகி, ஆட்டுக்கல்லைப் புரட்டுகிறவன் மாதிரி இறுக்கினாய். பிளக் பூட்டுகிற ஓட்டையின் திருகுப் புரி முழுவதும் வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பூவாக உதிர்ந்தது. அதை நீ காலால் மண்ணுக்குள் தள்ளியதைக் சமைத்தபடி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினாய். கொழும்பில் என்ஜினுக்குப் படம் கீறுகிற கந்தோரில் உனக்குச் சம்பளம் தருகிறார்களாம். அந்த என்ஜின்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உன் அத்தான் உன்னை ஏசவில்லை. "சின்னப் பெடியன், விடும்" என்றார். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

இதற்கிடையில்தான் வவுனியாவிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தலைமையாசிரியர் பதவி. பட்டம் பெற்ற நாளிலிருந்து யாரோ ஒருவருடைய பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவருடைய மணி அடிக்கப் படிப்பித்தவள் நான். நாற்பத்து நான்கு வயதில் இனி இன்னொரு தரம் கூப்பிடமாட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குச் சேர முடியாது என்பதால், அத்தான் சிகரட் பெட்டி ஈயத்தாளைப் பிளக்கில் சுற்றி ஓட்டைக்குள் அமத்தினார். எங்கே பழகினாரோ, கை அப்படி ஓடியது. ஓடத் தொடங்கினால் ஓடும், நிற்பாட்டினால் அவ்வளவுதான். பிறகு எத்தனை உதை உதைத்தாலும் காற்று புரிப்பக்கத்தால் போய்விடும், என்ஜின் எழும்பாது. குளக்கட்டுச் சரிவில் தள்ளி ஏறிக்கொண்டோம்.

முறிகண்டி வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த வாகனமும் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை என்று உனக்குத் தெரியும். நின்றால் வவுனியா இல்லை. நிற்காமல் போக அத்தான் உடன்படமாட்டார். "நீர் குதியும், நான் சுத்திக்கொண்டு நிக்கிறன்" என்றார். குதித்தேன், தம்பி. ஊதாப் பட்டுச் சேலையின் கரையை எலி அரித்துவிட்டதால் பச்சைச் சேலையில், கக்கத்தில் சான்றிதழ்களோடு, கையில் தேங்காயோடு குதித்தேன். உடைத்துவிட்டுத் திரும்பினால் உன் அத்தான் படபடவென்று கோயிலைச் சுற்றி வருகிறார். நான் கை நீட்டினேன். நேரே பார்த்தபடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி என்னைத் தாண்டிப் போனார்.

கோயிலடியில் கச்சான் கடலை விற்கிற அன்னபாக்கியம், "என்ன ரீச்சர், ஐயாவுக்கு என்ன நேர்த்திக்கடன்?" என்று கேட்டா.

"நேர்த்தியுமில்லை, ஒண்டுமில்லை. சைக்கிள் பழுது."

"நேர்த்தியை வெளியில சொல்லக்கூடாதுதான்" என்று தலையாட்டினா.

இரண்டாம் சுற்றும் நிற்கவில்லை. தன் லொறியை நிறுத்திவிட்டு நின்ற கச்சு முகம்மது, "ரீச்சர், அவர் மூண்டு முடிக்காமல் ஏத்தமாட்டார். கச்சான் சாப்பிடுங்கோ" என்றார். அவர் சொன்னபடியே மூன்றாம் சுற்றில்தான் வேகம் குறைந்தது. தொங்கி ஏறினேன். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

மாங்குளம் தாண்டியதும் துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிளக் காட்டுக்குள் பறந்தது. முகமெல்லாம் கரியோடு வீதியில் நின்ற எங்களைக் கச்சு முகம்மதுதான் சைக்கிளோடு லொறியில் ஏற்றி, என்னைக் கல்விக் கந்தோர் வாசலில் இறக்கி, சைக்கிளை அப்துல் மஜீத் வாகனம் திருத்துகிற கராச்சில் போட்டார். நான் உள்ளே ஓடும்போது என் பெயரைக் கடைசித் தரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேட்டது ஒரே கேள்வி. "ஓர் ஆசிரியர் பள்ளிக்கூடச் சாமானைப் பழுதாக்கிவிட்டு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வீர்கள்?" எனக்கு உன் முகம்தான் வந்தது. அவனை எல்லோருக்கும் முன்னால் நிறுத்துவேன், வாய் திறக்கும்வரை தேத்தண்ணிகூடக் காட்டமாட்டேன், அவன் சிரிப்பதையும் பெருமை பேசுவதையும் சோறு கேட்பதையும் பற்றி எனக்குத் தெரியும் என்றெல்லாம் மேசையில் தட்டிச் சொன்னேன். மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்தபோது எனக்கே விளங்கியது, பதவி போய்விட்டது.

ஆகவே, இனி இந்த வீட்டில் புரியுள்ள எதையும் நீ தொடக்கூடாது. ஊறுகாய்ப் போத்தல் மூடியும் அதில் அடங்கும். ஐந்து வருசத்துக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம்.

பிள்ளையார் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த புத்தியும் தரட்டும். புத்தியை முந்தித் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
விமலேஸ்வரி

பி.கு.: தபாலுக்குக் கொண்டுபோகச் சைக்கிள் இல்லாததால் இந்தக் கடிதம் இங்கேயே கிடந்தது. இன்று நியமனம் வந்தது. ஒழுங்கில் உறுதியானவள் என்று எழுதியிருக்கிறார்கள். சைக்கிளை எடுக்க அத்தானோடு நானும் வவுனியா போனேன். மஜீத் அந்த ஓட்டையைப் பெருப்பித்துப் புதுப் புரி வெட்டி, உள்ளே ஒரு பித்தளை வளையம் பூட்டியிருக்கிறார். பழைய புரியில் இருந்ததை ஒரு தாளில் வைத்துக் காட்டினார். "இது உங்கட தம்பி செய்ததில்லை, ரீச்சர். புரி போய் வருசக்கணக்கு. ஆரோ அடைச்சு அடைச்சு ஓடியிருக்கினம்." நான் அன்று கண்ட தேங்காய்ப்பூ புரி இல்லை, ஈயத்தாள். அதற்கடியில் இன்னும் ஈயத்தாள். அதற்கும் அடியில், கருகின பட்டுநூல். ஊதா நிறம். என் சேலைக் கரையை அரித்தது எலியில்லை.

அத்தான் கராச்சின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரும் வழியில் முறிகண்டியில் சைக்கிளை நிற்பாட்டி, இறங்கி, எல்லாம் தன் வேலைதான் என்று ஒத்துக்கொண்டார். அன்னபாக்கியம் கேட்டது சரிதான், அது நேர்த்திதான். உன் தலையில் விழுந்த பழி அப்படியே இருந்தால் மூன்று சுற்று வருவதாக வேண்டியிருக்கிறார்.

நேர்முகப் பரீட்சையில் நான் சொன்ன பதிலை இன்று முதல் வீட்டில் நடைமுறைப்படுத்துகிறேன். குசினியைப் பூட்டிவிட்டேன், திறப்பு என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை ரயிலில் வா, தம்பி, அத்தான் உனக்கு முன்னாலும் வாய் திறக்க வேண்டும். இரண்டு பேருக்குத்தான் சமைப்பேன்.