கீழே இறங்காத பட்டியல்

யுத்தம் முடிந்த பிறகு நாட்டில் சகலதும் நவீனமயமாக வேண்டும் என்று மேலிடத்தில் தீர்மானமானது. அந்தத் தீர்மானம் ஒரு கம்பியூட்டராக உருவெடுத்து, கற்பிட்டிப் பக்கத்து வள்ளப் பதிவுக் கந்தோருக்கும் வந்து சேர்ந்தது. வள்ளங்களின் பெயர்கள் அகர வரிசையில் அதற்குள் ஏற்றப்பட்டன.

கண்டக்குழி றஸீன் மீன்பிடிப் பருவம் தொடங்குமுன் லைசன்ஸைப் புதுப்பிக்கப் போனான். அவனுடைய வள்ளம் ‘ஷிஹாரா’. மகளின் பெயர்.

கிளாக்கர் டொறத்தி மவுஸை உருட்டினாள். பட்டியல் ‘இ’ வரைக்கும் இறங்கியது. பிறகு துள்ளி ‘அ’வுக்கே போய் நின்றது. மறுபடி உருட்டினாள். மறுபடியும் ‘அ’.

“உங்கட வள்ளம் இல்லையே, நாநா.”

“இல்லாம எங்க போற மிஸ்? இப்பதானே கரையில ஏத்தி வெச்சிட்டு வாறன்.”

“கரையில இருக்கும். இதுக்குள்ள இல்ல.”

“பேரை அடிச்சுத் தேடேலாதா?”

“அது இரண்டாம் கட்டத்துல வருமாம்.”

பொறுப்பதிகாரி ஹமீட் எழுந்து வந்து திரையின் அடிவிளிம்பைக் குனிந்து பார்த்தார். பின்பக்கமும் போய்ப் பார்த்தார். அங்கேயும் வள்ளம் இல்லை.

“காணப்படாத வள்ளத்துக்கு அனுமதி வழங்கிட்டு, கணக்காய்வுக்கு நான் என்ன பதில் சொல்ற?”

“கடலுக்குப் போகாம நான் என்னத்த சேர் தின்ற?”

ஹமீட் இரக்கமுள்ளவர். “பேரை மாத்துங்க. ‘அ’வுல தொடங்கட்டும்.”

ஷிஹாரா ‘அஷிஹாரா’ ஆனது. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் இந்த யோசனை கரையெங்கும் பரவிவிட்டது. ஊரிலுள்ள வள்ளமெல்லாம் ‘அ’வுக்கு வர, அஷிஹாரா பட்டியல் இறங்கும் எல்லையைத் தாண்டிக் கீழே போய்விட்டது. றஸீன் முன்னால் இன்னொரு ‘அ’ எழுதினான். ஒரே ‘அ’வோடு நின்றுவிட்ட மச்சான் ஸப்ராஸ் லைசன்ஸ் இல்லாமல், றஸீனுடைய வள்ளத்திலேயே கூலிக்குப் போனான். ஒருநாள் வயர்லஸில் றஸீன் தன் வள்ளத்தின் பெயரை ‘அ... அ...’ என்று சொல்லத் தொடங்க, யாரோ மூழ்குகிறான் என்று மீட்புப் படகு ஓடிவந்தது.

ஹமீட் அறிக்கை அனுப்பினார்: “எமது பிரிவில் வள்ளங்களின் எண்ணிக்கை வெற்றிகரமாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.” கடல்வளத்தைப் பேணியதற்காக அவருக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

கேடயத்துக்குப் பின்னால் புத்தளத்திலிருந்து நஸ்லா என்ற மென்பொருள் பொறியியலாளர் வந்தாள். கொடுத்த தேத்தண்ணி ஆறுமுன் கோளாறைத் திருத்திவிட்டாள். பட்டியல் ‘அ’விலிருந்து கடைசிப் பெயர்வரை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஹமீடின் முகம் வெளிறியது. “இவ்வளவு வள்ளமும் நான் கேடயம் வாங்கின பிறகா வரணும்?”

மறுநாள் காலை கந்தோர் வாசலில் வள்ளக்காரர் கூட்டம். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நஸ்லா நினைத்தாள். முன்னால் நின்ற றஸீன் எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு மகஜரை நீட்டினான்.

“மிஸ், இதப் பழையபடி ஆக்கித் தாங்க.”

“ஏன் நாநா? இப்ப எல்லார்ட வள்ளமும் தெரியுதே.”

“அதத்தான் சொல்றன். நாங்க கஷ்டப்பட்டு மேல வந்தவங்க. கீழ ஈக்கிற எல்லாரையும் கடலுக்கு விட்டா எங்களுக்கு மீன் காணுமா?”

நஸ்லா மகஜரைப் புரட்டினாள். றஸீனுக்குப் பக்கத்தில் நின்ற ஸப்ராஸும் தன் ஒற்றை ‘அ’ வள்ளத்தின் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்திருந்தான்.

“நீங்க கீழ கிடந்தவர்தானே? நீங்களுமா?”

“ஓம் மிஸ்,” என்றான் ஸப்ராஸ். “வாற வருஷம் நான் நாலு ‘அ’ போடப் போறன். மேல வந்த பிறகு, எனக்குக் கீழயும் ஆக்கள் ஈக்கோணுமே.”