சாவியை உருவிய பிறகும்

இலுப்பூர்
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் மலையாண்டி அவர்களுக்கு, கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் அக்காள் கணவன் உடையப்பன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அக்காள் பிரகதீஸ்வரியும் இந்த வரியை எழுதும் வரையில் சுகம். அடுத்த வரிக்கு நான் பொறுப்பில்லை. கோயம்புத்தூரில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க இங்குள்ள சாமிகளையெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் நலமாக இருந்தால்தான் என் தலையில் கட்டிய காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியும்.

போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. கார் என்ற சொல்லை நான் எடுத்ததுமே உங்களுக்கு டவர் போய்விடுகிறது. வீட்டில் நின்று உரக்கப் பேசினால் உங்கள் அக்காள் காதில் விழும். நேற்று நடந்தது அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வெள்ளிக்கிழமை பொன்னமராவதியில் நம் சுடர்விழிக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். வளையல் போட்டு முடித்து, பிரசவத்துக்கு அவளை அந்தக் காரில்தான் இலுப்பூருக்குக் கூட்டிவர வேண்டும். அந்தக் காரில் என் மகள் ஏறக் கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் விளக்கம்.

"எஸ்டேட் கார் மச்சான், டர்போ இன்ஜின், ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டி, பூ மாதிரி ஓட்டியிருக்காரு" என்றீர்கள். எஸ்டேட் என்றதும் ஏதோ தேயிலை எஸ்டேட் முதலாளியின் வண்டி என்று உங்கள் அக்காள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது, சாதாரணக் காரின் பின்பக்கத்தை இழுத்து நீட்டி, சுற்றிலும் கண்ணாடி வைத்து, மேலே தூக்கித் திறக்கிற கதவு போட்டால் அதற்குப் பெயர் எஸ்டேட் என்று. வெள்ளை நிறம் வேறு. பின்னால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். நானே படுத்துப் பார்த்தேன். அதை ஏன் செய்தேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஊரில் மாடு வாங்குகிறவர்கள் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பேன், குளம்பைத் தட்டிப் பார்ப்பேன், எங்கெங்கே சுழி இருக்கிறது என்று உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பேன். பாடைச்சுழி விழுந்த மாட்டைச் சும்மா கொடுத்தாலும் நம் பக்கம் யாரும் வாசலில் கட்ட மாட்டார்கள், வீட்டில் சாவு விழும் என்பார்கள். இத்தனையும் தெரிந்த நான், மைத்துனர் கொடுக்கிற வண்டிதானே என்று சுழி பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

அந்த டர்போ இருக்கிறதே, மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. வண்டி யோசிக்கும். பிறகு அடிவயிற்றிலிருந்து 'ஊ' என்று ஒரு விசில் கிளம்பும். தள்ளி நின்று கேட்டால் சாவு வீட்டுச் சங்கேதான். அதற்கப்புறம் யாரோ பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளுவது போல ஒரு தள்ளு. கண்ணாடியில் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டார்கள். முதல் நாள் கடைத்தெருவில் போனபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். புதுக் காருக்கு மரியாதை என்று நினைத்து நான் கையை ஆட்டினேன். ஆட்டியதும் ஒருவர் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். பலசரக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பூக்காரம்மா காத்தாயி ஒரு கை உதிரிப்பூவை அள்ளி பானெட்டின் மேல் போட்டுவிட்டு, "யாருங்க சார் உள்ள?" என்று தழுதழுத்த குரலில் கேட்டது. "நான்தான்" என்றேன். அதற்குப் பிறகு அந்த அம்மா என் கண்ணைப் பார்த்துப் பேசுவதே இல்லை.

இதெல்லாம் பார்வைக் கோளாறு என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது ஒன்று இருக்கிறது. சில வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை உருவினால் இன்ஜின் நிற்பதில்லை. சாவி என் கையில் இருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. "டர்போ வண்டி சூடு ஆற கொஞ்ச நேரம் ஓடித்தான் நிக்கும் மச்சான், அதுக்குன்னு டைமர் ஒண்ணு இருக்கு" என்றீர்கள். நிம்மதியாக இருந்தேன். அன்னவாசல் மெக்கானிக் ஜெரால்டு தம்பியிடம் கொண்டுபோய், அந்த டைமரைக் கழற்றிவிடச் சொன்னேன். டேஷ்போர்டைப் பிரித்து, வயரையெல்லாம் குடல் போல வெளியே எடுத்துப் போட்டுத் தேடிவிட்டு, "அப்படி ஒரு சாமானே இந்த வண்டியில இல்லைங்க சார்" என்றது. திரும்ப எல்லாவற்றையும் மூடிக் கொடுத்தது. கூலி வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றது.

எந்தெந்த வாசலில் நிற்கவில்லை என்று கேளுங்கள். வளைகாப்புக்கு அழைக்க என்னோடு வேலை பார்த்த கண்ணுசாமி வீட்டுக்குப் போனேன். உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. வழியனுப்ப வந்தவர் பானெட்டில் கை வைத்து, "யாருக்குங்க காத்துக்கிட்டு இருக்கு?" என்று சிரித்தார். மறுநாள் விடியற்காலம் அவர் போய்விட்டாரென்று கேதச் செய்தி வந்தது. வயதானவர், சர்க்கரை வியாதி, சரி. அடுத்து, படுத்த படுக்கையாகக் கிடந்த சின்னப்பிள்ளை சித்தி வீடு. அதே கதை. அவர்களும் வயதானவர்கள், அதுவும் சரி. மூன்றாவது, ஆடு வளர்க்கிற சூசைராஜ் வீடு. இன்ஜின் நிற்கவில்லை என்றதும் மனுஷன் கம்பை எடுத்துக்கொண்டு என்னைத் துரத்தினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னமும் கம்போடு நன்றாக இருக்கிறார். பட்டியில் நின்ற கிடாதான் சாயங்காலம் விழுந்தது. நானே கண்ணைப் பிதுக்கி, வாயைத் திறந்து பரிசோதித்தேன். ஒரு நோயும் இல்லை.

உங்களுக்குத் தெரியாததா, கேத வீட்டுக்கு வந்தவர்களை யாரும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்புகிறவர்களும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். இப்போது நான் எந்த வீட்டுக்குப் போனாலும் வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் பாயை விரிக்கிறார்கள். நான் எழுந்து 'போயிட்டு வாரேன்' என்றால், "வர்றதெல்லாம் வேணாங்க" என்று கும்பிடுகிறார்கள். போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மருமகள், பெயர் எழுதினால் நன்றாக இருக்காது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாக வந்து, "சார், ஒருக்கா எங்க வீட்டு வாசல்லயும் நிறுத்திட்டுப் போங்களேன், அத்தை ரொம்ப நாளா கஷ்டப்படுது" என்றது. "அத்தைக்கு என்னம்மா கஷ்டம்?" என்றேன். "அதுக்கு ஒண்ணும் இல்லைங்க சார், கஷ்டமெல்லாம் எங்களுக்குத்தான்" என்றது. நான் வாழ்நாள் முழுக்க ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றிய ஆள், மாட்டுக்குத்தான் என்றாலும். என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்கள்.

இது வரைக்கும் நீங்கள் என்று எழுதிவிட்டேன். இனிமேல் நீ.

மலையாண்டி, நம் வீட்டு வாசலில் அது எப்போதும் சாவியை உருவியதும் நின்றுவிடும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் வளைகாப்புக்குச் சாமான்கள் இறக்க நான் மட்டும் பொன்னமராவதி போனேன். சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை உருவினேன். நிற்கவில்லை. சாவியைத் திரும்பப் போட்டு உருவினேன். நிற்கவில்லை. ஏசியை அணைத்தும் உள்ளே பன்னீரும் செவ்வந்தியும் கலந்த வாசனை அடித்தது. சுடர்விழி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வாசற்படிக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு களை. "அப்பா, வண்டிய ஆஃப் பண்ணுங்க, பேசுறது கேக்கல" என்றாள். நான் ஏதோ தேடுகிறவன் போல சீட்டுக்கடியில் தலையை விட்டுக்கொண்டேன். என் கண்ணை அவள் பார்த்துவிடக் கூடாது. சாமான்களை அவசரமாக இறக்கிவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது, அவளிடம் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வயதில் எதற்கும் இப்படிப் பயந்தது கிடையாது. காரில் கூட்டிப் போவார்கள் என்று சம்பந்தியம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறது. வேறு வண்டி எடுத்தால் உன் அக்காள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று நான் எப்படிச் சொல்லுவேன்? நீ வியாழக்கிழமைக்குள் வந்து, கார் கம்பெனி திரும்பக் கேட்கிறது, போலீஸ் தேடுகிறது, எதையாவது சொல்லி அதை எடுத்துக்கொண்டு போய்விடு. பதிலுக்கு ஒரு லோடு ஆட்டோ கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் உண்மையைச் சொல். அந்த டாக்டர் எந்த டாக்டர்? பிரசவம் பார்க்கிறவரா, போஸ்ட்மார்ட்டம் பார்க்கிறவரா?

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆயுசு கூடட்டும் என்ற ஆசியும் சேரட்டும். கடிதத்தில் இப்படி எழுதுகிற வழக்கம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்: போயிட்டு வாரேன்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
உடையப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் ரத்து. நீ வண்டியை எடுக்க வர வேண்டாம்.

கடிதத்தை அன்றைக்கே போஸ்ட் பண்ணியிருக்க வேண்டும். தபாலாபீஸ் வாசலில் காரை நிறுத்தப் பயந்து சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வளைகாப்பு முடிகிற வரைக்கும் வாசலில் அது ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே வளையல் சத்தம், வெளியே அந்தச் சத்தம். பிரசவத்துக்குக் கிளம்புகிற பெண்ணும் புகுந்த வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாதென்று உனக்குத் தெரியும்தானே. சுடர்விழி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தலை குனிந்து வந்து பின்சீட்டில் ஏறினாள். கேத வீட்டிலிருந்து போவது போலவே. பாதி வழியில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. உன் அக்காள், "அன்னவாசல் ஆஸ்பத்திரிக்கு விடுங்க, அன்னவாசலுக்கு விடுங்க" என்று கத்தினாள். மிதித்தேன். வண்டி யோசித்தது. பிறகு சங்கு ஊதியது, பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். பிள்ளைத்தாய்ச்சி வருகிறாள் என்று ஆரன் அடித்தால் நம் ஊரில் யார் ஒதுங்குவார்கள்? பிணம் வருகிறதென்று நினைத்து பஸ் ஒதுங்கியது, லாரி ஒதுங்கியது, பைக்கில் போனவர்கள் இறங்கி நின்று கும்பிட்டார்கள். வழி நெடுக ஒரு தடையும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சாவியை உருவினேன். நிற்கவில்லை. நர்ஸ் ஷர்லி, "சார், இன்ஜின ஆஃப் பண்ணுங்க" என்று அதட்டினாள். "நிக்காதும்மா" என்றேன். சுடர்விழியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சூடாக இருந்தது, நடுங்கிக்கொண்டிருந்தது. "என்னை எடுத்துக்கோ, அவள விட்டுரு" என்று வாய்விட்டே சொன்னேன். உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அந்த நிமிஷம் இன்ஜின் நின்றது.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். எல்லாவற்றையும் உன் அக்காளிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவள் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாலும் போனாலும் அது வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிது, அம்புட்டுதானுங்க. அதப் போயி ஏன் வையிறீங்க?" என்றாள். அதனால் வண்டி இங்கேயே இருக்கட்டும். அந்த டாக்டர் எந்த டாக்டர் என்றும் சொல்ல வேண்டாம்.

பிள்ளையைப் பார்க்க நீ மட்டும் கிளம்பி வா. இப்போது எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டோம், குழந்தை தூளியில் தூங்குகிறது. சாவி ஆணியில் தொங்குகிறது, இன்றைக்கு நான் அதைத் தொடவே இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சொந்தத்தில் யாரோ வரப்போகிறார்கள் என்கிறாள் உன் அக்காள். நீயாகத்தான் இருக்கும் என்று உனக்கு போன் போட்டேன். டவர் இல்லை என்கிறது. எப்போதும் போலத்தானே, மலையாண்டி?