டிராகனுக்குத் தைத்த கோட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, உங்கள் பத்திரிகையில் டிராகன் தொடர்கதை எழுதி வந்த தையல்காரரின் சம்சாரம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.

அவர் போன துக்கம் விசாரிக்க வந்த உங்கள் உதவி ஆசிரியர் டீயைக் குடித்துவிட்டு, "கடைசி அத்தியாயத்துல டிராகன் செத்தாத்தாம்மா வாசகர்கள் அழுவாங்க. வேற ஆளை வெச்சு முடிச்சுக்கறோம்" என்றார். "தம்பி, இந்த வருஷம் இந்த வீட்டுல ஒரு சாவு போதும். நானே முடிக்கிறேன்" என்றேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் அவர் துணி வெட்டிக்கொண்டே கதை சொல்ல, பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே முதலில் கேட்டவள் நான்தானே.

கதையில் போரை நிறுத்த நம் ராஜாவின் தூதாகக் கடல் தாண்டி வந்த டிராகனை எதிரி ராஜா சபைக்குள் விடாமல் ஈட்டிக்காரர்களை நிறுத்தியிருக்கிறான், அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார் இவர். எனக்கா, எந்தப் பக்கம் யோசித்தாலும் துணிதான் வருகிறது. உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் போனால் எந்தச் சபையில் மதிப்பார்கள்? கதையில் கப்பல் பாயைக் கிழித்து டிராகனுக்கு ஒரு கோட்டுத் தைத்துப் போட்டேன், முதுகில் இறக்கைக்கு இரண்டு திறப்பு விட்டு. அதே யோசனையில் வாடிக்கைக்காரர் வக்கீல் தைக்கக் கொடுத்து மிஷினில் கிடந்த கோட்டிலும் இரண்டு திறப்பு வெட்டிவிட்டேன். வக்கீல் கவனிக்காமல் அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கே போய்விட்டார். சாயங்காலம் வந்து, "ஏம்மா, முதுகுல எதுக்கு ரெண்டு ஜன்னல்?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "அது கிடக்கட்டும், சமாதானம் ஆச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆச்சு ஐயா. கோட்டைப் பார்த்ததும் ஈட்டிக்காரர்கள் வழி விட்டார்கள். எதிரி ராஜா அதைத் தடவிப் பார்த்து, எனக்கும் ஒன்று வேண்டும் என்று அளவு கொடுக்க இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். கை தூக்கி நிற்பவன் கத்தியை எப்படிப் பிடிப்பான்? போர் நின்றது, டிராகன் ஜெயித்துக் கப்பலேறியது. வக்கீல் கைதட்டிவிட்டு, திறப்பை மூடக் கொடுக்காமல் கோட்டை அப்படியே போட்டுக்கொண்டு போனார்.

இத்துடன் அத்தியாயம் இருக்கிறது. ஒரு வரி மாற்றக் கூடாது. டிராகன் பிழைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. போனவர் பேச்சைத் தட்டாதீர்கள்.

உங்கள் அச்சு மிஷின் நிற்காமல் ஓடட்டும், உங்கள் சட்டையில் ஒரு பொத்தானும் உதிராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தையல்கடை அம்மா

பி.கு.: பொய்யை ஒட்டித் தபாலில் போட மனம் வரவில்லை. டிராகனைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் அவர் கடைசி வரை சொன்னார். நான் கூடாது என்றேன், அவர் கேட்கவில்லை. இப்போது அவருக்கு ஏதாவது குறை இருந்தால் அவரே வந்து என்னோடு சண்டை போடட்டும். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.