இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

வரி என்ற பேச்சே எடுக்காமல் சர்க்காருக்குக் காசு சேர்க்கத் தெரிந்தவர் இந்தத் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் ஏலம் கூறும் கிளார்க். பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும். எங்களுக்கு அவர் ‘ஒருதரம்’ ஐயா.

உடைந்த நாற்காலியை ஏலம் விட்டார். காம்பவுண்டில் முளைத்த புல்லை விட்டார். காற்றில் முறிந்த வேப்பங்கிளை தரையைத் தொடுவதற்குள் “ஒரு தரம்!” என்று குரல் வந்துவிடும். டீ குடித்துவிட்டு வரும் ஆபீசர், முதலில் தன் நாற்காலி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்தத் தை மாதம் ரோட்டோரப் புளியமரங்களில் அந்த வருடத்துப் புளியை உலுக்கிக்கொள்ளும் உரிமைக்கு ஏலம். பாப்பாரப்பட்டி ரோட்டில் நாற்பத்தோராம் நம்பர் மரத்தை மூன்று வருடமாக யாரும் எடுக்கவில்லை. இம்முறையும் போகாவிட்டால் வெட்டி விறகாக விற்க உத்தரவு. அதன் நிழலில்தான் மாதம்மாள் இட்லிக் கடை வைத்துப் பிழைத்தாள். அன்று கடையை மூடிவிட்டு, ஏலம் நடந்த அறையின் மூலையில் வந்து நின்றாள்.

ஐயா சர்க்கார் விலையைச் சொல்லி, “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. விறகாக மலிவில் எடுக்கலாமென்று வியாபாரிகள் பேசி வைத்திருந்தார்கள். ஐயா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மூணு சொல்லுங்க, வூட்டுக்குப் போவுணும்” என்றார் பெரிய வியாபாரி.

“சொல்றனுங்க. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எத்தன நேரம்னு ரூல்ல இருக்குதா? காட்டுங்க.”

ஐயாவுக்குப் பக்கத்தில் ஏலப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த நான் விதிப் புத்தகம் முழுக்கப் புரட்டினேன். அடேயப்பா, எங்கேயும் இல்லை! ஏலம் முடியாமல் வியாபாரிகள் கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்காது. எனவே யாராலும் எழுந்து போகவும் முடியவில்லை.

மணி ஒன்று. இரண்டு. மூன்று. “ஐயா, பசி உசுர் போவுதுங்க” என்று நானே அவர் காதில் கெஞ்சினேன். அவர் பெரிய வியாபாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குப் பெரிய வியாபாரி எழுந்தார். “நானே எடுத்துக்கறனுங்க! ஆள உடுங்க சாமி!”

“மூணு தரம்!”

கட்டடமே அதிர்ந்தது. மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த நொடி ஐயா சரிந்தார். சர்க்கரை வியாதிக்காரர். காலையில் ஊசி போட்டுக்கொண்டதோடு சரி, அவரும் ஒரு வாய் சாப்பிடாததில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. மாதம்மாள் ஓடிப்போய்ச் சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொண்டுவந்தாள். நான் தலையைத் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். மெல்லக் கண் திறந்தார்.

“நாப்பத்திரண்டாம் நம்பர் மரம்…”

“சும்மா கெடங்கய்யா!” என்று அதட்டினேன். பெற்ற அப்பாவைக்கூட நான் அப்படி அழுதுகொண்டே அதட்டியதில்லை.